பழங்கால எல்லைச் சுவர்களில் பொறியியல் நோக்கில் மிகச் சிறந்தது எது?

சீனப் பெருஞ்சுவரையும் பிரிட்டனிலுள்ள ஹேட்ரியன் சுவரையும் பலர் சொல்வார்கள். நான் தேர்ந்தெடுப்பது வடகிழக்கு ஈரானில், காஸ்பியன் கடலோரத்திலிருந்து கிழக்கே மலையடிவாரம் வரை ஏறத்தாழ 195 கிலோமீட்டர் ஓடிய குர்கான் சுவரைத்தான். பிரிட்டனில் ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன், அன்டோனைன் சுவர்கள் இரண்டையும் சேர்த்தாலும் அதன் நீளம் வராது. அலெக்சாந்தர் கட்டியது என்றே அப்பகுதி மக்கள் நெடுங்காலம் நம்பினர். 2005-இல் தொடங்கிய ஈரானிய, பிரித்தானியக் கூட்டு அகழாய்வில், ஆய்வுக்கூடக் காலக்கணிப்புகள் அதை கி.பி. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டிய பாரசீகத்தின் சாசானியப் பேரரசின் பணி என நிறுவின.

நான் இதை முதலிடத்தில் வைப்பதற்கு நீளம் காரணமன்று; அந்தச் சமவெளியில் கட்டடக் கல்லும் கிடையாது, போதிய மரமும் கிடையாது என்ற நிலையில் அங்கிருந்த பொறியாளர்கள் எடுத்த முடிவுதான் காரணம். காற்று கொண்டுவந்து படியவிட்ட நுண்மண் அங்கே தாராளமாக இருந்ததால், அந்த மண்ணையே பிசைந்து, ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் பக்கமும் 10 சென்டிமீட்டர் கனமும் கொண்ட சதுரச் செங்கற்களாக அறுத்து, சுவரின் ஓரத்திலேயே சூளை வைத்துச் சுட்டார்கள். சூளைகள் ஒரே அமைப்பில், சுவர் நெடுகிலும் ஆயிரக்கணக்கில் இருந்திருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். சுமை ஏற்றி வரும் தொலைவு இதனால் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் செங்கல் அறுக்கத் தண்ணீர் வேண்டுமே! இந்த இடத்தில்தான் எனக்கு அவர்கள் மீது பெருமதிப்பு உண்டாகிறது. சுவரை ஒட்டி வெட்டப்பட்ட ஆழமான அகழி, அதன் பெரும்பகுதியில், நீரோடும் வாய்க்காலாகவும் வேலை செய்தது. மண் பிசைவதற்கான நீரையும் அதுவே தந்தது. பகைவரைத் தடுக்கும் அரணாகவும் அதுவே நின்றது. அகழியில் நீர் தானாக ஓட வேண்டுமானால் தரையின் வாட்டம் சீராக இருக்க வேண்டும். ஆகவே சுவரின் தடத்தைப் போர்த்தளபதியின் விருப்பம் மட்டுமல்லாமல் நீரின் போக்கும் சேர்ந்தே தீர்மானித்தது. தெற்கு மலைகளிலிருந்து வரும் நீரைக் குர்கான் ஆற்றைத் தாண்டி வடக்கே கொண்டுசெல்ல, ஆற்றின் குறுக்கே சத்தே கர்காஸ் என்னும் மாபெரும் மண்கரையை எழுப்பினர். இன்று எஞ்சியிருப்பதே ஏறத்தாழ 700 மீட்டர் நீளமும் 20 மீட்டர் உயரமும் கொண்டது. சுவரைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கரையைப் பெரும்பாலும் குறிப்பிடாமல் விட்டுவிடுவது எனக்கு வருத்தமே. நுட்பம் எல்லாம் இங்கேதான் குவிந்திருக்கிறது.

சுவரின் நெடுகே முப்பதுக்கும் மேற்பட்ட கோட்டைகள் இருந்தன. காவற்படை 15,000 முதல் 36,000 வீரர்கள் வரை இருக்கலாம் என்பது அகழாய்வுக் குழுவின் மதிப்பீடு.

இச்சுவர் பயன்பட்டதா என்று கேட்டால், பயன்பட்டது என்றே சொல்வேன். கி.பி. 484-இல் சாசானியப் பேரரசர் பெரோஸ், நடு ஆசியாவின் வெள்ளை ஹூணர்களான ஹெப்தலைட்டுகளுடன் பொருது மாண்டதைக் காட்டிச் சிலர் மறுப்பார்கள். அது அவர் படையுடன் எதிரியின் நிலத்துக்குள் சென்ற இடத்தில் நேர்ந்த தோல்வி. எந்தச் சுவரும் தனித்து ஒரு பேரரசைக் காக்காது. ஆயினும் தெற்கிலிருந்த வளமான பாசன நிலங்களுக்கும் வடக்கிலிருந்த புல்வெளிக்கும் நடுவே, 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இங்கே காவல் நீடித்தது.

இன்று தரைக்கு மேல் பார்க்க அதிகம் இல்லை. தரமான செங்கற்களைப் பிற்காலத்தார் தம் வீடுகளுக்குப் பெயர்த்துச் சென்றனர். மிகுதியைக் கலப்பை சமன் செய்தது. அதனால் இதன் தடத்தை முழுமையாகக் காண விரும்புவோருக்கு 1960-களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கரோனா படங்களையே பரிந்துரைப்பேன். உழவு விரிவடைவதற்கு முன் எடுக்கப்பட்டவை என்பதால், அகழாய்வுக் குழுவினரும் அவற்றை நம்பியே அகழியையும் கோட்டைகளையும் அடையாளம் கண்டனர்.