அண்ணாச்சி பதில்கள்: ஊரடங்கிலும் தேன் காணிக்காரருடையதுதான்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு மலையடிவாரத்தில் பலசரக்குக் கடை. 2020 ஊரடங்கில், எங்கள் கடைக்கு வழக்கமாகத் தேன் கொண்டுவரும், மலைப் பழங்குடியான காணிக்காரரைச் சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு வியாபாரி அதே தேனை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போனார். தொற்றுநோய்க் காலத்தில் இவர்களுக்குச் சட்டத்தில் ஒரு பிடிமானமும் கிடையாதா?
(வாசகர், அம்பாசமுத்திரம் வட்டம்)

பதில்: இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். தேன், மெழுகு, கிழங்கு, மூலிகை, பிரம்பு இதெல்லாம் சிறு வனப்பொருள். இவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உள்ளதை 2006 வன உரிமைச் சட்டம் 'உடைமை உரிமை' என்றே சொல்கிறது, யாரும் மனமிரங்கிக் கொடுக்கிற சலுகையாகச் சொல்லவில்லை.

ஆனால் தேதியைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 25ல் வந்த ஊரடங்கு, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் போட்டது. அந்தச் சட்டம் மற்ற சட்டங்களுக்கு மேலே நிற்கும். மார்ச் 27லேயே விவசாய வேலைகளுக்கு விலக்கு வந்துவிட்டது, காட்டில் தேன் எடுப்பவரைப் பற்றி அப்போது யாருக்கும் நினைப்பே வரவில்லை. இதற்கிடையில் நியூயார்க் விலங்குக்காட்சி சாலையில் ஒரு புலிக்குத் தொற்று வர, புலிகள் காப்பகங்களில் மனித நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லி ஏப்ரல் 6ல் டெல்லியிலிருந்து கடிதம். சரி, மயிலாறிலோ இஞ்சிக்குழியிலோ இருப்பவருக்கு வீடே களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள்தானே, அவர் எங்கே போய் நடமாட்டத்தைக் குறைப்பார்? ஏப்ரல் 16ல்தான் பழங்குடியினர் சிறு வனப்பொருள் சேகரிக்க விலக்கு அளித்து உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. உங்கள் தேன்காரரைத் திருப்பி அனுப்பியது அதற்குப் பிறகு என்றால், ஊரடங்கைக் காரணம் காட்டியது செல்லாது.

விலைக்கு வருவோம். 2020 மே 1ல் காட்டுத்தேனுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலையைக் கிலோ 195 ரூபாயிலிருந்து 225 ஆக உயர்த்தினார்கள். அரசு முகமை வந்து வாங்கினால்தான் அது விலை, வாங்க ஆளில்லாத இடத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை.

இனி என்ன செய்யலாம்? தமிழ்நாட்டில் வன உரிமைச் சட்டப்படி பட்டா கொடுப்பது நீதிமன்ற உத்தரவால் 2008லிருந்து 2016 வரை முடங்கிக் கிடந்தது. அதனால் தனி நபர் பட்டாவுக்கு அலைந்த அளவுக்கு, குடியிருப்பு முழுவதற்கும் பொதுவான சமூக உரிமைக்கு நம் ஆட்கள் அலையவில்லை என்பது என் எண்ணம். தேனுக்குச் சமூக உரிமைதான் தேவை. சமூக உரிமைக்குத் தனிப் படிவம் உண்டு, கிராம சபை வழியாகக் கொடுக்க வேண்டும். ஊராட்சி முழுவதும் கூட வேண்டாம், காணிக்குடியிருப்பு அளவிலேயே சபை கூட்டலாம். பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்தச் சபை அமைக்கும் குழுவே வனப்பொருளைக் கீழே கொண்டுபோகும் அனுமதிச்சீட்டைக் கொடுக்கலாம் என்று 2012 விதித்திருத்தம் சொல்கிறது. பஸ்ஸில் தேன் கேனோடு வருகிறவரை இறக்கி 'பெர்மிட் எங்கே' என்று கேட்டால், தன் குடியிருப்பின் முத்திரை குத்திய சீட்டை அவர் எடுத்து நீட்ட வேண்டும். அதற்கு மேலும் மறித்தால், வன உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைச் சட்டத்தில் குற்றம் என்பதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஐ.நா. உடன்படிக்கை ஏதாவது கைகொடுக்குமா?
(அதே வாசகர்)

பதில்: தாலுகா ஆபீஸில் கொடுக்காது. பழங்குடியினர் குறித்த 2007 ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது, ஆனால் பிரகடனம் சட்டம் ஆகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169வது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவே இல்லை. பிரேசிலில் பழங்குடி அமைப்பே வழக்குப் போட்டு, தனித்து வாழும் குடிகளின் நிலத்தில் வெளியார் தொற்றோடு நுழையாமல் தடுப்பு அமைக்கும்படி 2020ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் உத்தரவை வாங்கியது. அங்கேயும் சொந்த நாட்டு அரசியல் சட்டத்தைப் பிடித்துத்தான் வாங்கினார்கள். நமக்கு 2006 சட்டம் கையில் இருக்கிறது. அடுத்த ஊரடங்கு வரும் வரை காத்திராமல், அந்தத் தேன்காரரிடம் குடியிருப்பில் உரிமை மனுக்களை வாங்கிச் சரிபார்க்கும் வன உரிமைக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள், மனு எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.