வன்னியில் மயான காண்டத்தை மறுபடி மேடையேற்றினால் இன்றைய சனம் எப்படி எடுத்துக்கொள்ளும்?

கேள்வி கேட்டவர் தங்கள் சனசமூக நிலையத்தில் அரிச்சந்திர மயான காண்டம் போட யோசிப்பதாக எழுதியிருக்கிறார். பாதிப்பேர் "இந்தச் சனம் அழுதது காணாதா, இன்னும் ஏன் ஒப்பாரி" என்று தடுக்கிறார்களாம். இளம் ஆட்கள் சிரித்துவிடுவார்களோ என்ற பயமும் அவருக்கு இருக்கிறது.

போர் முடிந்து ஒன்பது வருடம் கழித்து, 2018இல், விசுவமடுவுக்கும் உடையார்கட்டுக்கும் இடையில் ஒரு கோயில் வெளியில் இதே நாடகத்தைப் போட்டோம். நான் சந்திரமதிக்கு வேசம் கட்டினவன். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கண்டுவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். மூன்று கூட்டம் நடந்திருக்கும். முதல் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள், இரண்டாவதில் காசுக் கதை வந்திருக்கும், மூன்றாவதில் ஒருவர் எழும்பி "இதுக்குப் பதிலா ஒரு இசைக்குழுவைப் பிடிப்பம்" என்று சொல்லியிருப்பார். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. ஆனால் எங்கள் கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் வீம்புக்குப் பேசவில்லை. படிப்பிக்கிறவர், நல்ல மனிதர். "செத்த பிள்ளையைக் கையிலை வைச்சுக்கொண்டு ஒரு தாய் அழுகிற காட்சியை, இந்த ஊரிலை, இந்தத் தாய்மாருக்கு முன்னாலை போடப் போறியளோ?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கும் அன்று பதில் வரவில்லை.

நாடகம் தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொய் சொல்ல மறுத்ததால் நாடிழந்த அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியையும் மகன் லோகிதாசனையும் விற்று, தன்னையும் விற்று, சுடலை காக்கிறான். தர்ப்பை பிடுங்கப் போன மகனைப் பாம்பு கடித்துவிடுகிறது. தாய் தனியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுடலைக்கு வருகிறாள். காவல்காரன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அவளிடம் ஒன்றும் இல்லை. அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும் தாலியைக் கண்டுதான் தன் மனைவி என்று அறிகிறான்.

எங்கள் பக்கத்தில் இதை 'டிறாமா' என்போம். முந்தி இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து நாடகம் போட்ட கம்பெனிகளின் வழியாக வேர் விட்ட இசை நாடகம். பெட்டி (ஆர்மோனியம்), மிருதங்கம், தாளம், பாட்டிலேயே கதை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவும் அவருடைய வசந்த கான சபாவும் இதை 3000 தடவைக்கு மேல் போட்டதாகச் சொல்வார்கள். அவர் 1989இல் காலமானார். வன்னியின் குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ். குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் மண்வெட்டியோடு சேர்த்து இந்தப் பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். என் அப்பா வரம்பில் நின்று தண்ணீர் கட்டும்போது அரிச்சந்திரன் பாட்டைத்தான் முணுமுணுப்பார். எனக்குப் பாடம் அப்படித்தான் வந்தது.

ஆகவே உங்களுக்கு முதல் எச்சரிக்கை: எங்கள் ஊர்களில் வயதானவர்கள் புது நாடகம் பார்க்க வருவதில்லை. காதில் ஏற்கெனவே இருக்கும் வைரமுத்துவோடு உங்களை ஒப்பிட வருகிறார்கள். அரிச்சந்திரனாக நின்றவர் என் சின்னையா. 63 வயது. நாலரைக் கட்டைக்கு மேல் அவருக்குத் தொண்டை போகாது. அவர் முதல் பாட்டைத் திரைக்குள் நின்று எடுத்ததுமே முன்வரிசையில் ஒரு ஐயா "சுருதி காணாது" என்று சத்தமாகச் சொன்னார். அதோடு விடவில்லை. சின்னையா இழுக்க வேண்டிய இடத்தில் இவர் கதிரையில் இருந்தபடியே இழுத்துக் காட்டினார். எனக்கு உள்ளே கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்த இழுவை சரியான இழுவைதான். அடுத்த நாள் அவர் வீட்டுக்குப் போய் அந்த வரியைத் திருப்பிப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

இளம் ஆட்களைப் பற்றிக் கேட்டீர்கள். சிரித்தார்கள். விசிலும் அடித்தார்கள். நான் சேலையோடு வெளியே வந்தபோது பின்பக்கத்தில் பெடியள் கூவியது ஆர்மோனியத்தையே அமுக்கிவிட்டது. அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்த என் மகன் எழும்பிப் போய் வான் வண்டிக்குப் பின்னால் நின்றான் என்று மனைவி பிறகு சொன்னாள். அது நெஞ்சில் தைத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். யாரோ அந்த விசில் இடத்தை மட்டும் 40 விநாடி வெட்டி ஏற்றிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து சிலர் அதற்குக் கீழே "இன்னும் இந்தக் கோமாளித்தனமா" என்று எழுதினார்கள். நாலு மாதம் கோயில் மண்டபத்தில் ஒத்திகை பார்த்தவர்களின் உழைப்பு அந்த 40 விநாடிதானா? மீதி இரண்டு மணித்தியாலத்தையும் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் எந்த விமர்சனத்தையும் ஏற்றிருப்பேன்.

இந்த இடத்தில் "பெண் வேசத்தைப் பெண்ணே கட்டலாமே, ஏன் நீ கட்டினாய்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: கட்டட்டும், மனதாரச் சொல்கிறேன். மூன்று பேரைக் கேட்டோம். ஒருவருக்கு வீட்டில் விடவில்லை. இரண்டு பேர் "அந்தப் பாட்டை என்னால் பாட ஏலாது" என்றார்கள். ஏன் ஏலாது என்று நாங்கள் கேட்கவில்லை, எல்லோருக்கும் விளங்கியது. வைரமுத்து காலத்திலும் பெண் வேசத்தை ஆண்கள்தான் கட்டினார்கள், ஆகவே நான் கட்டினேன்.

சரி, சுடலைக் கட்டம்.

லோகிதாசனாகக் கிடந்தவன் ஏழு வயதுப் பிள்ளை, எங்கள் பெட்டிக்காரரின் பேரன். வாழையிலை போட்டு அதன்மேல் கிடத்தியிருந்தோம். நாடகம் தொடங்கச் சுணங்கியதால் அவன் உண்மையாகவே நித்திரையாகிவிட்டான். நான் தலைவிரி கோலமாகப் பக்கத்தில் இருந்து ஒப்பாரியை எடுக்கிறேன். பின்னால் இன்னும் இரண்டு மூன்று விசில். அப்போது அவனுடைய காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு நுளம்பு இருந்தது. வயிறு சிவக்கும் வரைக்கும் குடித்துக்கொண்டு இருக்கிறது. செத்த பிள்ளை காலை ஆட்டிவிட்டால் காட்சி போய்விடும். பாட்டை விடாமல், சேலைத் தலைப்பால் மெதுவாக அதை விசுக்கி, அந்த இடத்தை விரலால் தடவிவிட்டேன். வேறு ஒரு நினைப்பும் இல்லை.

விசில் நின்றது.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தம் மாறியது மட்டும் கேட்டது. முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மூக்குறிஞ்சல், பிறகு பாய் பாயாக அது பரவியது. செத்த பிள்ளைக்கு நுளம்பு கடிக்கும் என்று பார்க்கிற தாயைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு அது பிறகுதான் விளங்கியது.

சின்னையா கோலை ஊன்றிக்கொண்டு வந்து கால்பணம் கேட்டுப் பாடினார். நான் இல்லை என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்டபோது, பாயில் இருந்த ஒரு ஆச்சி எழும்பினார். ஒருவரும் பிடிக்கவில்லை. மேடை இரண்டடி உயரம்தான். கிட்ட வந்து நின்று, சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்தார். அவிழ்க்க நேரம் எடுத்தது, விரல்கள் வளையாது அவருக்கு. எட்டாக மடித்த ஒரு நூறு ரூபாய்த் தாள். அதைச் சின்னையாவுக்கு முன்னால் நீட்டி, "தம்பி, அவளை அலைக்காதை. இந்தா காசு. பிள்ளையை எரிக்க விடு" என்றார்.

பெட்டிக்காரர் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னையா ஐம்பது வருடமாகக் கூத்தும் டிறாமாவும் ஆடியவர், அவருக்கே வாய் வரவில்லை. காசை வாங்கினால் கதை முடிந்துவிடும், வாங்காவிட்டால் அந்தக் கை நீட்டியபடி நிற்கும். ஒரு நிமிடம் போயிருக்கும். பிறகு இரண்டு கையாலும் வாங்கிப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்தார். "கால்பணம் வந்தது, முழத்துண்டு எங்கே?" என்று அதே மெட்டில் எடுத்தார். உடனே ஆண்கள் பக்கத்தில் ஒருவர் தோள் துவாயை உருவினார். சின்னையா அதைக் கண்டதும் நேரே தாலி இடத்துக்குப் பாட்டைத் திருப்பிவிட்டார், இல்லையென்றால் கோயில் மடைப்பள்ளியிலிருந்து அரிசியும் வந்திருக்கும்.

அந்த ஆச்சியை ஊரில் எல்லோருக்கும் தெரியும். மகனுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் 2009இல் போர் முடிந்தபோது சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பி வந்தவர்கள், இப்படியான வீடு எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று. நாடகம் முடிந்ததும் ஒப்பனை கலைக்கும் இடத்துக்கு வந்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "சுடலைக்குக் குடுத்த காசைத் திருப்பி வாங்கக் கூடாது" என்றார். பிள்ளையின் தலையைத் தடவி, "நுளம்பு கடிச்சதோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தாள் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

"சனத்தின் துக்கத்தை வைத்துக் கைதட்டு வாங்கினாய்" என்று யாராவது எழுதுவீர்கள். நான் உள ஆற்றுப்படுத்தல் படித்தவன் இல்லை. அழுதால் நல்லது என்று மருத்துவம் சொல்ல வரவில்லை. ஒரு தங்கச்சி அந்தக் கட்டத்தில் எழும்பி வெளியே ஓடினாள். தமக்கை பின்னால் போனாள். கோயில் மதிலோடு குந்தியிருந்து கை நடுங்கிக்கொண்டு இருந்தாளாம். அது எங்கள் பிழை. முதலிலேயே இன்ன காட்சி வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்க வேண்டும். வெளியே தண்ணீரோடும் கதிரையோடும் இரண்டு பெண்களை வைத்திருக்க வேண்டும். நீங்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள். ஆனால் தடுக்கிறவர்களுக்கு நான் இன்று சொல்லக்கூடியது இதுதான்: யாரும் அந்தத் தாய்மாரைக் கேட்கவில்லை. அவர்களுக்கு என்ன தாங்கும், என்ன தாங்காது என்று கூட்டத்தில் ஆண்கள் ஒன்பது பேர் இருந்து முடிவெடுத்தோம். அந்த ஆச்சியைக் கேட்டிருந்தால் எங்கள் மூன்று கூட்டமும் தேவைப்பட்டிராது. கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய அந்த ஆசிரியரும் அன்று வந்திருந்தார். கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பாய் சுருட்ட உதவி செய்தார்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏழு மணிக்கு என்று நோட்டீஸ் அடித்தோம். விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி, அதிதிகள் ஆறு பேர் பேசி முடிக்க ஒன்பது பத்து. அந்த நேரத்தில் எங்கள் உள் றோட்டுக்குப் பஸ் கிடையாது. பரந்தன் முல்லைத்தீவு றோட்டிலாவது ஏதோ ஒன்று வரும். உள்ளே நாலு கிலோமீற்றர் போகிறவர்கள் என்ன செய்வது? ஆனை வரும் பாதை. அரிச்சந்திரன் திரைக்கு வெளியே வர முன்னமே ஐம்பது அறுபது பேர் எழும்பிப் போய்விட்டார்கள். பின்னேரம் ஐந்தரைக்குக் கடைசிப் பஸ் என்றால் ஒரு ஊர் எப்படி இயங்கும்? என் மனைவியை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உழவு இயந்திரப் பெட்டியில் மெத்தை போட்டேன். எத்தனை மனு, எத்தனை கையெழுத்து. பேச வந்த அதிதிகளில் இரண்டு பேரிடமும் அதே மேடையில் வைத்துச் சொன்னோம். குறித்துக்கொண்டார்கள். பஸ் இன்னும் வரவில்லை.

ஆகவே உங்களுக்கு: பேச்சை நாடகத்துக்குப் பிறகு வையுங்கள். யாராவது கோபித்தால் கோபிக்கட்டும். முழு இரவும் வேண்டாம், இரண்டு மணித்தியாலம் காணும். ஆனால் ஒப்பாரியைச் சுருக்காதீர்கள். நாங்கள் ஒத்திகையில் அதைப் பாதியாக வெட்டியிருந்தோம், அன்றைக்குச் சனத்தைப் பார்த்து நான் முழுவதும் பாடினேன். பெட்டிக்கும் மிருதங்கத்துக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் எடுப்பதென்றால் வான் கூலியை முதலே பேசிவிடுங்கள், எங்களுக்குக் கடைசியில் அதில்தான் இடித்தது. வயதானவர்களுக்குக் கதிரை முன்னால் போடுங்கள், இடையில் அவர்கள் பாடினால் பாட விடுங்கள். விசிலுக்காக நிறுத்தி ஒலிபெருக்கியில் ஏசாதீர்கள். என் மகன் அடுத்த வருடம் திரை இழுத்தான், அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனாகத்தான் வந்தான்.

பிள்ளையாகக் கிடப்பவனுக்குப் பின்னேரம் வயிறு நிறையச் சாப்பாடு கொடுங்கள், நித்திரையானால் எழுப்ப வேண்டாம். நுளம்புத்திரி மட்டும் மேடைக்குக் கிட்டக் கொளுத்தாதீர்கள், பாடுகிறவருக்குத் தொண்டை அடைக்கும்.