திங்கட்கிழமை வயிற்றுவலி

எனக்கு 31 வயசுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை. பையர் (சரக்கு வாங்குபவர்) மீட்டிங் என்றாலே முந்தின ராத்திரியிலிருந்து வயிற்றைப் பிசையும். ஏழாவது படிக்கையில் இதே வலியால் வாரத்தில் இரண்டு நாள் லீவு போடுவேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மந்திரித்துக் கயிறு கட்டி, 'பெருசானா சரியாப் போயிரும் கண்ணு' என்றார். போகலைங்க. இப்போது டீம் லீடர் பொறுப்பு தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா? ஒன்றாவது படிக்கும் மகளும் திங்கட்கிழமை வயிறு வலிக்கிறது என்கிறாள்.

- வாசகி, திருப்பூர்

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வலி நடிப்பல்ல. பயத்தில் குடலின் இயக்கமே மாறும். அது ஸ்கேனில் தெரியாது. கயிறு கட்டியதால் கெடுதல் இல்லை, கெடுத்தது லீவுதான். வீட்டில் இருந்ததும் பத்து மணிக்கு வலி போயிருக்கும். 'போகாததால் தப்பித்தேன்' என்று மனம் படித்துக்கொண்டது. போயிருந்தாலும் அடங்கியிருக்கும் என்பதைப் படிக்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

'பெருசானா சரியாப் போயிரும்' என்பது எல்லோருக்கும் நடப்பதில்லை. நியூசிலாந்தின் டனீடனில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 26 வயதில் மனநலச் சிக்கல் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 வயதுக்கு முன்பே ஏதோ ஒரு சிக்கல் இருந்திருக்கிறது. அதற்காகப் பயந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படியே ஆவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பயப்படும் வேலைகளை எழுதி, பத்துக்கு எவ்வளவு பயம் என்று மார்க் போடுங்கள். சூப்பர்வைசரிடம் சந்தேகம் கேட்பது 3, பையருடன் வீடியோ காலில் (call) சாம்பிள் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது 6 என்பதுபோல. மூன்றில் தொடங்கி, வாரம் நான்கைந்து தடவை செய்யுங்கள். செய்யும்முன் 'என்ன ஆகும்', செய்தபின் 'என்ன ஆனது' என்று ஒருவரி குறியுங்கள். பலரும் சறுக்குவது ஓரிடத்தில்: கேமராவை அணைத்துவிட்டு, எழுதி வைத்ததை அப்படியே வாசிப்பார்கள். அப்போது கேமராவை அணைத்ததுதான் காப்பாற்றியது என்று மனம் கணக்கெழுதிக்கொள்ளும்.

தனியாக முடியாவிட்டால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416இல் இலவசமாகப் பேசலாம். பயத்தை வளர்க்கும் நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் சிந்தனை-நடத்தை சிகிச்சைக்குப் பொதுவாக 12 முதல் 16 வாரம். மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். நீங்களாக நிறுத்தக் கூடாது.

மகளை ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று டீச்சரிடம் விசாரியுங்கள். இரண்டிலும் ஒன்றுமில்லையென்றால் அனுப்புங்கள், அரை நாளாவது. மீறி வீட்டில் இருந்தால் டிவி, போன் வேண்டாம். 'வலிக்குதா கண்ணு, தெரியுது. வா, போலாம்' என்றால் போதும்.