சிவப்பு மை

அன்புள்ள ஐயா,

அங்கோர்வாட் பார்க்கப் போனவர்கள், புனோம் பென்னில், கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் ஆட்சியில் இருந்தபோது நடத்திய துவோல் ஸ்லெங் சிறையையும் பார்த்தோம். இந்த வரலாறு கம்போடியப் பள்ளிகளில் பாடமாக இருக்கிறதாம். எட்டாவது படிக்கும் என் மகன் அன்றிரவு தூங்கவில்லை. இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்க வேண்டுமா? வெறுப்பு வளராதா? எந்த வயதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பையன் தூங்கவில்லை என்று படித்ததும் அவன்மேல் பிரியம் வந்துவிட்டது. வெறுப்பு வளருமா என்ற கேள்வியை விடுங்கள், அது பட்டிமன்றத் தலைப்பு. வயதைப் பிறகு பார்க்கலாம்.

1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கென்று கம்போடிய ஆவண மையம் ஒரு பாடநூல் கொண்டுவர 2007 ஆகிவிட்டது. இடையில் பிறந்த பிள்ளைகளில் பலர், அம்மா பசியைப் பற்றிச் சொன்னால் கதை விடுகிறாள் என்று நினைத்தார்கள்.

ஆனால் எனக்குக் கோபம் உங்கள்மேல்தான். சிறை, சிறை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பள்ளிக்கூடம் என்று ஓரிடத்திலாவது எழுதினீர்களா? வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்துக் கொட்டடிகள் ஆக்கினார்கள். பையன்கள் கயிறேறிப் பழகிய கம்பத்தில் கைதிகளைத் தொங்கவிட்டார்கள். சிறைத் தலைவன் டூச் ஒரு கணக்கு வாத்தியார். அவனுக்கு மேலிருந்த சோன் சென்னும் வாத்தியார். ஆட்சிக்கே தலைவனான போல் பாட்டும் வாத்தியார்! அந்த வாத்தியார்கள்தான் மற்ற வாத்தியார்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். கைதிகளின் வாக்குமூலங்களை டூச் சிவப்பு மையில் திருத்துவான். விடுபட்டது எது, யாரை இன்னும் அடிக்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு எழுதுவான்.

என் அப்பாவும் கணக்கு வாத்தியார். காலாண்டுத் தேர்வு முடிந்தால் விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வரும். சிவப்புப் பேனாவைத் தொட எங்களுக்கு அனுமதியில்லை. ஒருமுறை ஒரு பையனின் தாளை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார், எல்லோரும் சிரித்தார்களாம். மறுநாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனார். ஏழு மைல். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். என்ன பேசினார் என்று கடைசிவரை சொல்லவில்லை. துவோல் ஸ்லெங்கில் கரும்பலகையைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் கேட்டதை மறந்துவிட்டேன், பாருங்கள். கட்டாயமாக்கத்தான் வேண்டும். முதலில் பி.எட். வகுப்பில். பிள்ளைகளுக்கு எந்த வயதில் என்பதை அங்கே படித்து வருகிறவர்கள் சொல்லட்டும்.

எந்த அறையில் பயந்தான் என்று பையனிடம் கேட்டு எழுதுங்கள்.