பக்கவாதத்துக்குப் பின் கணவரை வீட்டுக்கு அழைத்து வரலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறோம். என் கணவருக்கு (74) பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. மருத்துவமனையிலிருந்து செவிலியர் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். இங்கே எல்லோரும் அதை ‘ரீஹாப்’ என்கிறார்கள். அங்கு 30 நாள்கள் ஆகிவிட்டன. மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) இனிப் பணம் தராது என்று சொல்லி அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். 69 வயதில் நான் ஒருத்தியாகச் சமாளிக்க முடியுமா?

பதில்: அம்மா, இரவு இரண்டு மணிக்கு அவருக்குச் சிறுநீர் முட்டும்போது, யாரையும் எழுப்பாமல் அவரைக் கட்டிலிலிருந்து கமோடு நாற்காலிக்கு மாற்றி, மீண்டும் படுக்கவைக்க உங்களால் முடிகிறதா? இதற்கு விடை தெரிந்தபின் அழைத்து வரும் தேதியை முடிவு செய்யுங்கள்.

அதைத் தெரிந்துகொள்ள, இயன்முறை சிகிச்சை நடக்கும் நேரத்தில் இல்லத்துக்குச் சென்று, வேடிக்கை பார்க்காமல், சிகிச்சையாளர் அருகில் நிற்க நீங்களே அவரை எழுப்பி உட்காரவைத்துப் பழகுங்கள். நாற்காலி அவருடைய வலுவான வலப்பக்கம் இருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். இடது கையையோ அக்குளையோ பிடித்து இழுத்தால், தசைகள் தளர்ந்து பிடிமானம் இழந்த தோள்மூட்டு இறங்கி, மாதக்கணக்கில் வலிக்கும். இரண்டு பேர் தேவை என்று சிகிச்சையாளர் சொன்னால், இரவில் மகன் உதவ வேண்டும், அல்லது ஆளைத் தூக்கும் கருவிக்கு மருத்துவரிடம் சீட்டு வாங்க வேண்டும். மனத்துணிவை நம்பித் தூக்கி இருவரும் விழுந்த வீடுகளை நான் அறிவேன்.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் நம் சமையலில் ஒரு சிக்கல் இருக்கிறது. விழுங்கும் திறன் குறைந்தவருக்கு ரசம் சாதம் எளிதான உணவு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நீரும் பருக்கையும் தனித்தனியே வாய்க்குள் போகும் அந்தக் கலவையில், பருக்கையை மெல்லும் முன்பே ரசம் மூச்சுக்குழாய்க்குள் நழுவி நிமோனியா வரலாம். குழையப் பிசைந்த கெட்டித் தயிர்சாதம் அதைவிடப் பாதுகாப்பானது. எந்தப் பதம் அவருக்கு ஏற்றது, தண்ணீரைக் கெட்டியாக்க வேண்டுமா என்பதை விழுங்கும் சிக்கல்களையும் கவனிக்கும் அங்குள்ள பேச்சு சிகிச்சையாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சாப்பிடும்போதும் அதற்குப்பின் அரை மணி நேரமும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும்.

படுக்கையறை மாடியில் இருந்தால் கீழே இறக்குங்கள். குளியலறைக் கதவை அளந்து பாருங்கள். பல வீடுகளில் வீல்சேர் அதில் நுழையாது. மருத்துவமனைக்குப் போகுமுன் அவர் சாப்பிட்ட பழைய மாத்திரைகளைப் புதிய பட்டியலோடு ஒப்பிட்டு, நிறுத்தியவற்றை அப்புறப்படுத்துங்கள். ஒரே இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு பெயர்களில் சாப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

மெடிகேரைப் பொறுத்தவரை, முதல் 20 நாள்களுக்கு முழுச் செலவையும் அது ஏற்கிறது; 21 முதல் 100-ஆம் நாள் வரை தினமும் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும். ஆனால் தேர்ச்சிபெற்ற செவிலியர் அல்லது சிகிச்சையாளரின் அன்றாடச் சிகிச்சை அவருக்குத் தேவைப்படும்வரைதான் அந்த 100 நாள் கணக்கு செல்லும். பணம் நிற்பதற்குக் குறைந்தது இரண்டு நாள்களுக்கு முன் இல்லம் உங்களுக்கு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அதை எதிர்த்து, பணம் நிற்கும் நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் அறிவிப்பில் உள்ள எண்ணில் மேல்முறையீடு செய்யலாம். ‘முன்னேற்றம் இல்லை’ என்பது மட்டுமே நிறுத்தக் காரணமாகாது என்பது 2013-இல் நீதிமன்ற உடன்பாட்டில் உறுதியான விதி. வீட்டுக்கு வந்தபின் மெடிகேர் வழியாகச் செவிலியரும் சிகிச்சையாளரும் வாரத்தில் சில முறை வருவார்கள். நாள் முழுவதும் உடனிருக்க ஆள் அதில் கிடைக்காது.

உங்களுக்கு முதுகுவலியோ இரத்த அழுத்தமோ உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இல்லத்தின் சமூகப் பணியாளரிடம் இன்றே சொல்லுங்கள். வீட்டில் பார்த்துக்கொள்பவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை மட்டும் எழுதி அவரை அனுப்பிவிடக் கூடாது.