மோட்டார் இல்லாத, கையால் திருப்பும் டாப்சோனியன் தொலைநோக்கியில் வியாழனைப் படம் எடுக்க முடியுமா?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் போட்டோ வேண்டாம், வீடியோ எடுங்கள்.

பூமி சுழல்வதால் வானம் நொடிக்குச் சுமார் 15 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) நகர்கிறது. வியாழனின் அகலமே 30 முதல் 50 விகலைதான். மூன்று நொடியில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். ஆனால் 1/60 நொடி ஃபிரேமில் அந்த நகர்வு வெறும் கால் விகலை. காற்று மண்டலத்தின் நடுக்கமே பெரும்பாலும் அதைவிட அதிகம்.

கோளை ஃபிரேமின் ஓரத்தில், அது உள்ளே நுழையும் பக்கமாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். குழாயின் ஆட்டம் அடங்கும், கோள் தானாகக் குறுக்கே கடக்கும். மறுபடி தள்ளி வையுங்கள். இந்த வீடியோத் துண்டுகளில் பிப் (PIPP) மென்பொருள் கோளை நடுவில் நிறுத்தித் தரும். ஆட்டோஸ்டாக்கர்ட் (AutoStakkert) என்ற மென்பொருள் நல்ல ஃபிரேம்களைப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைச் சுற்றிவிடுவதால், ஓர் அடுக்குக்கு இரண்டு மூன்று நிமிட வீடியோ போதும்; நீண்டால் கோள் திரும்பிப் படம் மங்கும்.

இருட்டைத் தேடி தனுஷ்கோடி போகாதீர்கள். கோளுக்கு இருட்டு அவசியமில்லை. அங்கே கடல் காற்று குழாயை உலுக்கும், உப்பு கண்ணாடியில் படியும். வெயிலில் காய்ந்த மொட்டைமாடியும் வேண்டாம், சூடு கிளம்பிக்கொண்டே இருக்கும். சுவர் மறைப்புள்ள முற்றம் போதும். அப்புறம், நம் ஊரில் கோள்கள் கிட்டத்தட்ட உச்சிக்கே வரும். அங்கே டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு, கொஞ்சம் முன்பே பிடித்துவிடுங்கள்.