பூர்வீக வீடு விற்கும்போது பேரத்தில் சொல்லும் பொய் சகஜமா, மோசடியா?

கேள்வி இதுதான்: "பூர்வீக வீட்டை விற்கும்போது இரண்டு தரப்பும் கொஞ்சம் பொய் சொல்லத்தான் செய்கிறார்கள். வியாபாரத்தில் இது சகஜம் என்று விட்டுவிடலாமா? பிடிபட்டால் சட்டப்படி என்ன ஆகும்?"

நான் காரைக்குடிப் பக்கம் பத்திரம் எழுதுகிறவன், வக்கீல் இல்லை. கையெழுத்து விழும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

"இதுக்கு மேல ஒரு பைசா தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் இரண்டு லட்சம் ஏற்றிக் கொடுப்பதை நான் தப்பு என்று நினைக்கவில்லை. தன் மனதில் இருக்கும் விலையை எதிராளிக்குத் திறந்து காட்டும் கடமை யாருக்கும் கிடையாது. "செட்டிநாட்டிலேயே இப்படி ஒரு முகப்பு பார்க்க முடியாது" என்று பெருமை பேசினாலும் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் வராத ஆளை வந்ததாகச் சொல்லி, "நேத்து ஒருத்தர் 80 லட்சம் கேட்டுட்டுப் போனார்" என்று விலையை ஏற்றுவது வேறு. அது நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வது. பொருள்களை ஏலம் விடும்போது விற்பவரே போலியாக ஆள் வைத்துக் கேட்க வைத்தால், வாங்கியவர் அந்த விற்பனையை ரத்து செய்யலாம் என்று 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்கிறது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் வந்தது. பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலச் சொல்லி ஒருவரைச் சம்மதிக்க வைப்பது அதன் 17-ஆவது பிரிவின்படி மோசடி. வாய் திறக்காமல் இருப்பது மட்டும் பொதுவாக மோசடி ஆகாது. அந்தச் சட்டமே ஒரு குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்பவன் ஒன்றும் சொல்லாவிட்டால் மோசடி இல்லை. "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவன் கேட்ட பிறகும் அவன் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். அதனால்தான் வாங்க வருகிறவர்களிடம், கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள் என்கிறேன். தேவகோட்டை கோர்ட்டில் பங்காளி தன் பங்கைக் கேட்டுப் போட்ட பாக வழக்கு, பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றில் பெரும்பாலும் தெரியாது.

நிலம், வீடு என்றால் சட்டம் இன்னும் கண்டிப்பு. 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத குறை சொத்திலோ உரிமையிலோ இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியே ஆக வேண்டும். வாங்குபவருக்கும் இதுபோல ஒரு கடமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. விற்பவருக்குத் தன் உரிமையின் அளவு சரியாகத் தெரியவில்லை, அது அவர் நினைப்பதைவிடப் பெரியது என்று வாங்குபவருக்குத் தெரியும் என்றால், அவரும் சொல்ல வேண்டும். இரண்டு தரப்பில் யார் மறைத்தாலும் மோசடி என்று அதே பிரிவு முடிக்கிறது.

எங்கள் பக்கம் இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. முற்றம் வைத்த ஒரு வளவு வீட்டில் எத்தனையோ புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமான குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். பெண் மக்களுக்குச் சீர் செய்தாகிவிட்டது, வீட்டில் பங்கில்லை என்பது பழைய வழக்கம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தபோதும், அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. அப்பா 2005-இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுசெய்த பாகப்பிரிவினை முடிந்திருந்தால் அது செல்லும்.

இதெல்லாம் சென்னையில் இருக்கும் அறுபது, எழுபது வயது ஆச்சிக்குத் தெரியாது. கோயில் படைப்புக்கு வருகிறார். தம்பி சொல்கிறார்: "ஆச்சி, வீட்டு வரியில பேர் மாத்தணும், சும்மா ஒரு கையெழுத்துத்தான்." நீட்டுவது, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். நான் பார்த்ததிலேயே மனதை அறுப்பது இந்தப் பொய்தான். வெளியாள் சொன்னால் நாலு பேரிடம் விசாரிப்போம், கூடப்பிறந்தவன் சொன்னால் கண்ணாடியைக்கூட எடுத்துப் போட மாட்டோம். பத்திரத்தைப் படித்துக் காட்டாமல் நான் கையெழுத்து வாங்குவதில்லை. அதற்காக என்னைவிட்டு வேறு இடம் போனவர்கள் உண்டு, போகட்டும்.

இப்படி வாங்கிய கையெழுத்து என்ன ஆகும்? கணவன் மனைவியிடம் வாங்கிய தானப் பத்திரம் பற்றிய ஒரு வழக்கில் 1968-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது: பத்திரத்தின் உள்ளடக்கத்தைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் ஏமாந்தவர் அதை ரத்து செய்யலாம், அது என்ன வகைப் பத்திரம் என்பதிலேயே ஏமாற்றியிருந்தால் அது ஆரம்பம் முதலே செல்லாது. நம்பிக்கையால் ஒருவரை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அநியாயமான லாபம் பார்த்திருந்தால், தகாத செல்வாக்கு இல்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில் விழும்.

பழைய வீட்டு மரத்தை வாங்க வரும் வியாபாரிகளின் பொய்யில் நேரம்தான் முக்கியம். "தூணெல்லாம் செல்லரிச்சுப் போச்சு ஆச்சி" என்று சொல்லி, நல்ல பர்மா தேக்கை அடிமாட்டு விலைக்கு இடித்து எடுத்துப் போகிறார்கள். விசாரித்தால் தெரிந்திருக்குமே என்ற வாதம் இந்த நேரடிப் பொய்யைக் காப்பாற்றாது. ஆனால் நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்குள், விவரம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு அந்தத் தூண்களை வாங்கிவிட்டால், அவை அவருக்கே சொந்தம். பிறகு ஏமாற்றியவரிடம் நஷ்ட ஈடு மட்டுமே கேட்க முடியும்.

ரத்து செய்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ரத்து வேண்டாம், சொன்னது உண்மையாக இருந்தால் கிடைத்திருக்கக்கூடிய நிலையைக் கொடு என்றும் கேட்கலாம். கிரிமினல் பக்கம், இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவு, ஏழு வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவு. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது நிற்கும்.

சிவில் வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம். மோசடி என்றால், அது தெரிந்த நாளிலிருந்து, அல்லது நியாயமான கவனம் இருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து கணக்கு. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், இந்த வாரமே வில்லங்கச் சான்றும் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலும் எடுங்கள். விஷயம் எந்தத் தேதியில், யார் மூலம் தெரிந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.